ரெண்டு மொத்து

மொத்து என்பது கெட்ட வார்த்தை கிடையாது. பலமாக அடிப்பது என்று அர்த்தம். சித்தூர்ப் பக்கம் குழந்தையைக் கொஞ்சும்போதுகூட, "இன்னா சேட்டை பண்றே, மொத்திடுவேன் மொத்தி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதே ஆள் "அடிப்பேன்" என்று சொன்னால் குழந்தை உதட்டைப் பிதுக்கும். மொத்துவேன் என்றால் அதுவும் சேர்ந்து சிரிக்கும். இந்தச் சிரிப்பு அந்தச் சொல்லுக்குள் எப்படி வந்தது என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் என்பதால் மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லின்மேல் ஒரு கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் தமிழ் எடுத்த பண்டிதரிடம் ஒருமுறை கேட்டேன். அது கொச்சைப் பேச்சு இல்லையம்மா, பழைய சொல், ஏட்டிலேயே இருக்கிறது என்றார். மொத்தை, மொத்தம் இதெல்லாம் அதற்குச் சொந்தமா என்று கேட்டதற்கு, இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்று நழுவினார். தெலுங்கிலும் அந்தச் சொல் உண்டு, அவர்களிடமிருந்து நமக்கு வந்ததா, நம்மிடமிருந்து போனதா என்றால் இரண்டுக்கும் ஒரே தாய்வீடு என்று முடித்துக்கொண்டார்.

என் ஆராய்ச்சி சமையலறையில் நடந்தது. எங்கள் வீட்டில் பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுக் கம்பால் மொத்துவோம். புளியை ஓடு போக மொத்துவோம். தடித்த பொருள், உணர்ச்சியில்லாத பொருள், அதன்மேல் தொம்மென்று விழுகிற அடி, அதுதான் மொத்து. வலிக்காது என்று தெரிந்து அடிக்கிற அடி. அந்தச் சொல்லை மனுஷர்மேல் தூக்கிப் போட்டபோது, வலிக்காது என்ற நினைப்பையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். இதை எந்தப் பண்டிதரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு இது போதும்.

நைனா, எங்கள் அப்பா, நல்ல மனுஷர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல மனம் வராமல் போகலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தூரில் எங்கள் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கராக்கு போட்டுக்கொண்டு அவர் கோயிலுக்குள் நுழைந்தால் பின்வரிசைப் பேச்சு தானாக அடங்கும். எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஊர் என்ன பேசும் என்கிற பயம் மட்டும் அவருக்கு உடம்போடு பிறந்தது.

எனக்கு ஒரே அக்கா. எழுபதுகளின் தொடக்கத்தில் அவளைத் திருப்பதியில் ஓவர்சியராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் நம் ஜனம்தான், வேலூர்ப் பக்கத்துச் சபைக் குடும்பம். பாட்டுக் குழுவில் நல்ல கட்டைக்குரலில் பாடுவார். வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அம்மா தெருவில் சொல்லாத ஆள் இல்லை. நானும் அவரை மாமா மாமா என்று சுற்றி வந்தவள்தான்.

கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை வண்டியில் அக்கா தனியாக வந்து இறங்கினாள். அந்த வண்டியில் எப்போதும் மலையிலிருந்து மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிற கூட்டம் இருக்கும். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவில் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பல் வலி என்றாள். வழியில் பாகாலாவில் யாரோ ஒரு அம்மா இரக்கப்பட்டு லவங்கம் கொடுத்தாளாம், அதையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவும் தன் பங்குக்கு லவங்கத் தைலம் தேடினாள்.

மத்தியானம் அவள் படுத்து எழுந்த தலையணையில் ரத்தம் இருந்தது. இடது காதின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பல் வலிக்குக் காதில் ஏன் ரத்தம் வரும்? கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"சோத்துல கல்லு கெடந்துதாம்" என்றாள்.

ரேஷன் அரிசி. எத்தனை தரம் பொறுக்கினாலும் ஒன்று தப்பும். அந்த ஒரு கல்லுக்காக அவளைச் சுவரோடு நிறுத்தி அடித்திருக்கிறார். முதல் தடவையும் இல்லையாம். உப்புக்கு ஒரு தடவை, சட்டைப் பொத்தானுக்கு ஒரு தடவை. அடித்து முடித்துக் கை கழுவிவிட்டு ஒத்திகைக்குப் பாடப் போவாராம்.

"நான் இனிமே போகமாட்டேன்டி. செத்தாலும் போகமாட்டேன். நீ நைனாகிட்ட சொல்லு, என்னை இங்கயே வச்சிக்கச் சொல்லு" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சொன்னேன். நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "மாப்பிள்ளை வரட்டும், கேப்போம்" என்றார்.

மாப்பிள்ளை மறுநாளே வந்தார். கையில் ஒரு கூடை கொய்யாப்பழம். முகம் வாடியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடத்தில் நைனாவுக்கு எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். "கோவத்துல ரெண்டு மொத்து மொத்திட்டேன் மாமா. இல்லன்னு சொல்லல" என்றார்.

மனுஷர்மேல் போடுகிற சொல்லாக அது எங்கள் வீட்டுக்குள் அப்படித்தான் வந்தது. அடித்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் நைனா எங்கே, எதால், ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். மொத்தினேன் என்று சொன்னதும் நைனா முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அட, இவ்வளவுதானா என்கிற நிம்மதி. அதிலும் அந்த 'ரெண்டு' இருக்கிறதே, அது எண்ணிக்கையே இல்லை. ரெண்டு வாய் சாப்பிட்டேன், ரெண்டு வார்த்தை பேசினேன் என்கிற ரெண்டு. சாயங்காலத்துக்குள் அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, கோவத்துல ரெண்டு மொத்து. இதுக்குப் போயி ரயிலேறி வந்துட்டா எங்க பொண்ணு" என்று சிரித்தாள். உள்ளே அக்கா படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

இதில் ஓர் அவசரமும் சேர்ந்துகொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து. எங்கள் பழைய மிஷன் சபைகளில் அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை வைப்பார்கள். திருவிருந்து எடுக்க நினைக்கிறவர்கள் அன்றைக்குப் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அங்கேயே கைகொடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொடக்கூடாது. புருஷனை விட்டு வந்தவளுக்கும் இல்லை, பெண்டாட்டியைப் பிரிந்தவனுக்கும் இல்லை. மூப்பர் வீட்டிலேயே அப்படி ஒரு சங்கதி என்றால், ரசப் பாத்திரத்தை ஏந்தி நிற்கிற மூப்பரை ஜனம் எப்படிப் பார்க்கும்? நைனாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அக்காவின் காதை நினைத்துத் தூங்காமல் இருந்திருந்தால் நான் அவர் காலைக் கழுவிக் குடித்திருப்பேன்.

சனிக்கிழமை ஆராதனைக்கு முன்னால் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கூடினார்கள். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஐயரும், நைனாவும், இன்னும் இரண்டு மூப்பர்களும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் ஒரு ஓரம். அக்காவை ஐயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுடைய இடது பக்கம் ஐயர். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் வேலை இல்லை, காபி கொண்டுபோய் வைப்பதைத் தவிர. நான் காபியை வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றேன்.

"என்ன விஷயம் மூப்பரே, சொல்லுங்க" என்று ஐயர் நைனாவைத்தான் கேட்டார். அடித்தவரைக் கேட்கவில்லை. அடி வாங்கினவளைக் கேட்கவில்லை. பெற்றவன் வாயால் வந்தால் அதுதான் நியாயமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். நல்ல எண்ணம்தான்.

நைனா இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள் நைனா, காதில் ரத்தம் வந்தது என்று சொல்லுங்கள், அது போதும்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க ஐயரே. ஏதோ கோவத்துல ரெண்டு மொத்து மொத்திகிறாரு. புருஷன் பொண்டாட்டி சங்கதி" என்று சொல்லிச் சிரித்தார்.

மூப்பர்கள் இரண்டு பேரும் கூடச் சிரித்தார்கள். ஒருவர் தெலுங்கில், "அந்தேனா! நேனு ஏமோ அனுக்குன்னா" என்றார். இவ்வளவுதானா, நான் என்னவோ ஏதோவென்று நினைத்தேன் என்று அர்த்தம். அக்கா வீட்டுக்காரரும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். ஒரு அறை நிறைய ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "தலகாணியத்தான் மொத்துவாங்க ஐயரே. இவளுக்குக் காதுல ரத்தம் வந்துகீது. திருப்பிப் பாருங்க" என்றேன்.

ஐயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நைனா என்னைப் பார்க்கவில்லை. "டம்ளருங்கள எடுத்துக்கினு வீட்டுக்குப் போம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஐயர் சின்ன வயது, எங்கள் சபைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூப்பர் பேச்சுக்கு மேல் போக அவருக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் அக்காவைக் கேட்டார். மெதுவாக, தணிந்த குரலில், ஜெபத்துக்குப் பேசுகிற மாதிரிக் கேட்டார்: "மகளே, மன்னிச்சு அவரை ஏத்துக்கிறியா?"

இடது காது அவளுக்கு அந்த அடியோடு போயிருந்தது. என்ன கேட்கிறார் என்று தெரியாமல், நல்ல காதை அவர் பக்கம் கொண்டுவரத் தலையைச் சாய்த்துக் குனிந்து திரும்பினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவள் தலை குனிந்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஐயர் எழுந்துவிட்டார். எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். ஜெபம் நீளமாகவே நடந்தது. அக்கா மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

வெளியே வந்ததும், "ஐயர் இன்னா கேட்டாரு?" என்றாள் என்னிடம். சொன்னேன். அவள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "போயி இல்லன்னு சொல்லு, நானும் வரேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கம் நைனா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெபம் பண்ணிட்டாங்களேடி" என்றாள் அக்கா.

எங்கள் ஜனத்துக்கு மட்டும்தான் இது புரியும். கோர்ட்டில் தீர்ப்பு ஆனால் மேல்கோர்ட்டு உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து என்றால் மறுபடி கூட்டலாம். ஜெபம் பண்ணி முடித்த விஷயத்தைத் திரும்ப எடுக்கக்கூடாது. அதற்கு மேல் திருவிருந்தும் எடுத்துவிட்டால், மனசில் அதை வைத்துக்கொண்டிருப்பதே குற்றம். தகுதியில்லாமல், அபாத்திரமாக எடுத்தாள் என்று ஆகிவிடும். நோய் வந்தாலும் சாவு வந்தாலும் அதனால்தான் என்பார்கள். மறுநாள் காலை அக்காவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். ரசப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வந்தவர் நைனா. மத்தியான வண்டியில் அவளைத் திருப்பதிக்கு அனுப்பிவைத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கொய்யாப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அது காலிக் கூடை.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்மஸுக்கு அவரோடு வந்து அவரோடு போவாள். ஒரு வருஷம் முழங்கையில் சுட்ட தழும்பு, எண்ணெய் தெறித்தது என்றாள். ஒரு வருஷம் காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள், குளியலறையில் வழுக்கிவிட்டதாம். இடது காது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது, அதற்குச் சீழ் என்று பேர். நான் தனியே பிடித்துக் கேட்டால், "சும்மா இருடி, விருந்து எடுத்தாச்சு" என்பாள். பிள்ளையும் இல்லை. அம்மா கடைசிவரைக்கும் மருமகன் நறுக்கிய அவரைக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். எனக்கு அந்த வீட்டில் யார்மேலும் கோபம் தணிந்ததே இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று நான் நின்றதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நான் எதையும் மறுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நைனாவுக்குக் கண் மங்கியது. திருப்பதியில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார் என்று நான்தான் லீவு போட்டு அழைத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டில் தங்கினோம். மருமகன் எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்கே அவரைப் பற்றி நல்ல வார்த்தைதான் இருக்கும் என்பது நைனாவின் எண்ணம். அன்றைக்குக் காலையில் மருமகன் வேலைக்குப் போன பிறகு, நைனா தெருக் குழாயடியில் கை கழுவப் போனார். நான் துணைக்குப் போனேன். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம், தன் பெண் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் மருமகன் மஞ்சிவாடு, நல்ல பிள்ளை என்று வேறு ஒரு வார்த்தை சேர்த்தார்.

அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மீரு தண்ட்ரேனா சார்?" என்றாள். நீங்கள் பெற்ற தகப்பன்தானா என்று கேட்டாள். "ஈ வீதிலோ அந்தரிக்கீ தெலுசு. மேமு எந்த மொத்துக்குன்னா ஆயன விண்டாடா?"

இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், நாங்கள் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் அந்த ஆள் கேட்கிறானா என்பது அதன் பொருள். தெலுங்கில் மொத்துக்கொள்வது என்றால் தலையிலும் மார்பிலும் தானே அடித்துக்கொண்டு கெஞ்சுவது, கதறிச் சொல்வது. பண்டிதர் சொன்ன ஒரே தாய்வீட்டுச் சொல்தான். தெலுங்கு வீட்டுக்கு வாக்கப்பட்டது கெஞ்சுகிறவள் பக்கம் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தது அடிக்கிறவனோடு சேர்ந்து சிரித்துவிட்டது. யாரோ எவரோ, அக்காவுக்காகத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் வருஷா வருஷம் அவளுக்குக் கிறிஸ்மஸ் புடவை எடுத்தோம்.

நைனாவுக்குத் தெலுங்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அப்படியே வீட்டுக்குத் திரும்பினார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

உள்ளே அக்கா இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். நைனா உட்கார்ந்தார். "அம்மா" என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாகப் போய் நின்றார். பார்வை சரியில்லாதவர், குழம்புச் சட்டியில் இடித்துக்கொண்டார்.

"என்கூட வந்துடும்மா. இப்பவே கெளம்பு. யார் இன்னா சொன்னாலும் சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. எனக்கிருந்த கோபத்தில் கால்வாசிகூட அவளிடம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"வந்தேனே நைனா" என்றாள். "வந்துதானே நின்னேன்."

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோறு ஆறுது, ஒக்காந்து துன்னு நைனா" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் குனிந்து சாப்பிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மோர் ஊற்றினாள்.